அம்மாவின் முழங்காலும் கொஞ்சம் நிக்கலும்

ஜனவரி 8, புதன்

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது முழங்காலில் உள்பக்க இடைவெளி சுத்தமாக இல்லை, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டு நிற்கின்றன. "மாத்திரை போட்டு ஓட்டுற கட்டம் தாண்டிடுச்சும்மா, மாத்திடலாம்." பொங்கல் கழியட்டும் என்று மட்டும் சொன்னாள் அம்மா.

கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டே திரும்பினாள். "உள்ள வைக்கிறது என்ன உலோகம் டாக்டர்? எனக்குத் தங்கத்தைத் தவிர எதுவும் ஆகாது."

எனக்கு மானம் போனது. எங்கள் வீட்டில் இது பழைய கேலி. அப்பாயி இருந்தவரை, "மகாராணிக்குத் தங்கம்தான் ஒத்துக்குமாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். டாக்டர் சிரிக்கவில்லை. கவரிங் போட்டால் எத்தனை நாளில் அரிக்கும், நீர் வடியுமா, வாட்ச் கட்டினால், ஊக்கு குத்தினால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, நிக்கல் அலர்ஜியா என்று பார்க்கச் சொல்லித் தோல் டாக்டருக்கு ஒரு சீட்டு.

ஜனவரி 11, சனி

சிதம்பரம் பக்கம் பிறந்தவள் அம்மா. கவரிங் நகைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்தவளுக்குக் கவரிங் ஆகாது!

பிராக்டிகலுக்காக லேபைத் திறந்து வைத்திருந்தோம். பசங்களுக்கு எடுத்து வைத்த டைமெத்தில் கிளையாக்சைமில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் ஊற்றி வந்தேன், கூடவே அம்மோனியா. இருபது வருஷமாக உப்புப் பகுப்பாய்வில் நிக்கலுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன். வீட்டில் ஒரு பொருள்மேல் வைத்துப் பார்க்க இன்றுவரை தோன்றியதே இல்லை.

காது குடையும் பஞ்சுக் குச்சியை இரண்டிலும் நனைத்து, அம்மா கழற்றிப் போட்டுவிட்ட பழைய கவரிங் தோட்டின் திருகாணியில் அரை நிமிஷம் தேய்த்தேன். பஞ்சு ரோஜா நிறமானது, அதாவது நிக்கல். ஜாக்கெட் ஹூக்கும் அப்படியே. (ஹூக்குகளுக்கு அம்மா பல வருஷமாக நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசி வருகிறாள், யாரும் சொல்லித் தராமலே. பாலிஷ் உரிந்த ஹூக்கில்தான் நிறம் வந்தது.) எவர்சில்வர் டம்ளரில் தேய்த்தால் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு, ஆனால் மேலே குரோமிய ஆக்சைடு படலம் அதை வெளியே விடுவதில்லை. உலோகத்தில் நிக்கல் இருக்கிறதா என்பதைவிட அது கசிகிறதா என்பதுதான் கேள்வி.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "இப்ப நம்புறியா?" என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

பேட்ச் டெஸ்ட், எந்தப் பொருள் தோலுக்கு ஆகாது என்று ஒட்டிப் பார்ப்பது. முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வாஸ்லின் மாதிரிக் களிம்பில் ஒரு பொருள்: நிக்கல் சல்பேட், கோபால்ட் குளோரைடு, பொட்டாசியம் டைகுரோமேட், மூட்டைப் பொருத்தும் எலும்பு சிமென்ட்டின் அக்ரிலிக், அதில் கலக்கும் கிருமிக்கொல்லி மருந்து ஜென்டாமைசின். டைகுரோமேட் என்றதும் டைட்ரேஷன் ஆரஞ்சு நிறம்தான் எனக்கு நினைவு வந்தது. அம்மாவின் முதுகில் அதை எதிர்பார்க்கவில்லை.

48 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று இரண்டு தடவை கேட்டார்கள். சாப்பிட்டால் ஒவ்வாமை இருந்தாலும் முடிவு மழுங்கிவிடுமாம். தை மாதம் என்பதால் பிழைத்தோம். சித்திரையில் இந்த ஊரில் இதைச் செய்தால் எல்லாம் உரிந்து கையோடு வந்திருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

புதன்கிழமை பிரித்தபோதே ஓர் இடம் சிவந்திருந்தது. இன்று இரண்டாம் முறை பார்த்தார்கள். நிக்கல் வைத்த இடத்தில் கிண்ணத்தின் அளவுக்கே அச்சடித்த மாதிரி வட்டம், தடித்து, மேலே பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். கோபால்ட் இடத்தில் லேசான சிவப்பு. மற்றவை சும்மா இருந்தன. சில உலோகங்கள் தாமதமாகக் காட்டும், ஏழாம் நாள் ஒரு தடவை வாருங்கள் என்றார்.

செல்போனில் படம் எடுத்துக் காட்டினேன். அம்மா விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்கப்பாயி இருந்திருக்கணும்."

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று ஏழாம் நாள், புதிதாக ஒன்றும் இல்லை. இன்று முடிவோடு எலும்பு டாக்டரிடம். 'அலர்ஜி இருக்கிறது, எனவே வேறு உலோகம்' என்று ஒரு வரியில் முடியும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

தொடை எலும்பின் நுனியில் மாட்டும் பாகம் வழக்கமாகக் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்தது, அதில் நிக்கல் இருப்பது துளியளவு. கீழ்த் தட்டு டைட்டானியக் கலவை அல்லது அதே கோபால்ட் குரோம். நடுவில் பாலிஎத்திலீன். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், பெண்களில் இன்னும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண மூட்டையே வைத்துக்கொண்டு நன்றாக நடக்கிறார்கள். தோலில் வட்டம் வந்தால் மூட்டிலும் வரும் என்று அர்த்தமில்லை. "வச்ச மூட்டு வலிச்சா, முதல்ல கிருமி இருக்கான்னு பார்ப்போம். அப்புறம் தளர்ந்திருக்கா, கோணலா உட்கார்ந்திருக்கா. எதுவுமே இல்லைன்னாதான் அலர்ஜின்னு யோசிப்போம்."

அப்படியானால் ஏன் டெஸ்ட் எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கவரிங் போட்டாலே நீர் வடியுதுன்னு சொல்றாங்க. கோபால்ட்டும் லேசா காட்டுது. வேற வழி கையில இருக்கும்போது எதுக்கு ரிஸ்க்?" நேர்மையான பதில். பிடித்திருந்தது.

வேறு வழி என்பது ஆக்சைடு ஏற்றிய சிர்கோனியம். டைட்டானியம் உரசும் பரப்புக்கு ஆகாது, கீறல் விழும். சிர்கோனியத்தில் கொஞ்சம் நியோபியம் கலந்து காற்றில் சூடாக்கினால் மேல்பரப்பு மட்டும் கறுப்பு பீங்கானாக மாறிவிடுகிறது. மாதிரியைக் கையில் கொடுத்தார். கன்னங்கரேல் என்று, முகம் தெரிகிற பளபளப்பு. "பழகின தோசைக்கல்லு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. இது பூசியது இல்லை, அந்த உலோகமே மேலே மாறியது. அதனால் அவள் சொன்னது அவ்வளவு தப்பும் இல்லை.

தம்பி போனில் விலையைக் கேட்டான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட் குரோமுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், சிர்கோனிய வகைக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கு முன் சாதாரண வகையே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. வித்தியாசம் இருபத்திரண்டாயிரத்துக்குள்தான் என்றதும் அவனிடம் மறுபேச்சு இல்லை.

பிப்ரவரி 19, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் 'நிக்கல் அலர்ஜி'. வெட்டிய இடத்தை மூடும் ஸ்டேப்ளர் பின்னிலும் நிக்கல் உண்டு என்று தையலே போட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தோன்றியிருக்காது. சாயங்காலமே வாக்கரில் நான்கு எட்டு வைக்கச் சொன்னார்கள். ஐந்து வைத்துவிட்டு, பிசியோதெரபி பையனைப் பார்த்து ஜெயித்த மாதிரி சிரித்தாள்.

பிப்ரவரி 22, சனி

காலையில் காலைச் சுற்றிச் சிவப்பு, அரிப்பு. எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு செய்தும் அதேவா? டியூட்டி டாக்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை போய்க் கேட்ட பிறகுதான் வந்தார், அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்குள் அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள். "வட்டமா இல்லடி, பாரு. கட்டம் கட்டமா இருக்கு." கட்டின் ஓரத்து பிளாஸ்திரி எங்கே ஒட்டியதோ அங்கே மட்டும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. வெட்டிய இடமும் மூட்டும் சுத்தமாக இருந்தன. பிளாஸ்திரி பசை ஆகவில்லை, அவ்வளவுதான். வேறு வகைக் கட்டு மாற்றினார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வாக்கர் இன்னும் இருக்கிறது, ஆனால் அடுப்படி வரை பிடிக்காமலே போய்விடுகிறாள். முட்டி மடக்குவதில்தான் தகராறு, தினம் அழ வைக்கிறான் அந்தப் பையன்.

மத்தியானம் அலமாரியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து வரச் சொன்னாள். உள்ளே அம்மாவின் கல்யாணத்துக்கு அப்பாயி போட்ட இரட்டை வடச் செயின். அசல் தங்கம் என்று சொல்லித்தான் போட்டாளாம். பின்கழுத்து புண்ணாகி அம்மா கழற்றி வைக்க, அதிலிருந்துதான் அந்த மகாராணிப் பேச்சு. "உன் தண்ணிய எடுத்துட்டு வா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடணும்."

வடத்தில் நாலைந்து இடம் தேய்த்தேன். பஞ்சு வெள்ளை. இன்னொரு குச்சி எடுத்து அழுத்தியும் தேய்த்தேன், வெள்ளைதான். அம்மாவின் முகம் சுருங்கியது. கடைசியாகக் கொக்கியில் வைத்தேன். ரோஜா நிறம்.

கொக்கி மட்டும் செயினோடு சேராத நிறத்தில் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அம்மா அதை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள். "கல்யாணம் ஆன புதுசுல ஒரு வருஷம் போட்டிருந்தேன். ஒண்ணுமே ஆகல." கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா ஒரு தடவை சேட்டு கடையில வச்சு மீட்டுட்டு வந்தாரு" என்றாள்.

திங்கட்கிழமை ஆசாரியிடம் கொடுத்துக் கொக்கியை மாற்றச் சொல்லியிருக்கிறாள்.