‘க்ளஸ்’: பச்சையா, சாம்பலா?

ஐரிஷ் பெயரடை ‘க்ளஸ்’ஸுக்குச் (glas) சொல்லட்டை தயாரித்ததில், முதல் அட்டையிலேயே தவறு. ‘க்ளஸ் = பச்சை’ என்று எழுதியது நிற்கவில்லை. புல், இலை, மலைக்குப் பச்சைதான். செம்மறி, குதிரை, கண் என்று வந்தால் பெரும்பாலும் சாம்பல். ‘ஸூலெ க்ளஸா’வைப் பச்சைக் கண்கள் என்று படித்தால் ஆளே மாறிவிடுவார். சாயத்தின் பச்சைக்கு ‘ஊன்யெ’, நரைக்கு ‘லீஅ’ என்று வேறு சொற்கள் உண்டு. பக்குவம் வராத இளைஞனும் க்ளஸ்தான். ‘பச்சைப் பிள்ளை’ என்று பேசிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பூட்டுக்கும் க்ளஸ் என்றே பெயர், ஆனால் அது தனிப் பெயர்ச்சொல். அதற்கு வேறு அட்டை போடுவது நல்லது.

இரண்டாவது அட்டையில் வடிவங்களை மட்டும் வரிசையாக எழுதியதும் பயன்படவில்லை. தமிழில் ‘பச்சைப் புல்’, ‘பச்சைப் புல்லின்’ என்று பெயரடை அசையாமல் நிற்கும். ஐரிஷில் அது பெயரோடு சேர்ந்து மாறும். அதனால் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆண்பால்: ‘ஃபேர் க்ளஸ்’, பச்சைப் புல். ஆறாம் வேற்றுமையில் ‘அன் ஏர் ஃக்ளஷ்’ (‘ஃபேர்’தான் இங்கே ‘ஏர்’ ஆகிறது; ‘அன்’ என்பது ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சொல், பெண்பாலில் ‘ன’ ஆகும்). இங்கே ‘ஃக்’ என்பது ஜி எழுத்துக்குப் பின் எச் சேர்ந்து, தொண்டையில் உரசி வரும் ஒலி. கடைசி எஸ்ஸுக்கு முன் ஐ (i) எழுத்து நுழைவதால் அது ‘ஷ்’ ஆகிறது.

பெண்பாலில் இது தலைகீழ். ‘ப்ரோக் ஃக்ளஸ்’ (காலணி) என்று எழுவாயிலேயே உரசல் வந்துவிடும். ஆறாம் வேற்றுமையில் ‘ன ப்ரோகெ க்ளஷெ’ என்று உரசல் போய்விடும். அதிகம் பிழை விழுவது இங்கேதான். இரண்டு பாலையும் எதிரெதிரே எழுதி வாய்விட்டுச் சொன்னால்தான் படிகிறது.

பன்மைக்கு ‘க்ளஸா’. பெயரின் பன்மை, ஐ (i) எழுத்து முன்னே வரும் மெலிந்த மெய்யில் முடிந்தால் மட்டும் உரசல்: ‘கபில் ஃக்ளஸா’ (குதிரைகள்), ஆனால் ‘ப்ரோகா க்ளஸா’.

பயனிலையாக வந்தால் எதுவும் மாறாது, பன்மையிலும் க்ளஸ்தான். இதற்குப் பழமொழியே சான்று: ‘இஸ் க்ளஸ் ன க்னிக் இ வத் ஊன்’, தூரத்து மலைகள் பச்சை. நம் இக்கரைக்கு அக்கரை பச்சைதான் இது! மலைகள் பன்மை, க்ளஸ் அப்படியே நிற்கிறது.

ஒப்பீட்டுக்குப் புது வடிவம் தேவையில்லை. பெண்பால் ஆறாம் வேற்றுமையின் ‘க்ளஷெ’வே போதும்: ‘நீஸ் க்ளஷெ’, இன்னும் பச்சை.