கவிஞரே, இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க

எங்கள் ஆபீஸில் ஒருவரைக் ‘கவிஞரே’ என்று கூப்பிட்டால் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதைக்கு ‘சார்’ இருக்கிறது, கோபத்துக்கு மெமோ இருக்கிறது. ‘கவிஞரே’ இரண்டிலும் சேராது. டி.ஏ. பில்லில் கணக்கு உதைக்கும்போதும், ஆடிட் ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிற வாரத்திலும், கொஞ்சம் யோசனையாக நான் ஜன்னல் பக்கம் திரும்பினாலும்தான் அந்தப் பட்டம் வெளியே வரும். “என்ன கவிஞரே, வானத்துல பறக்குறீங்களா? இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க.” அந்த ஜன்னலில் வானமே தெரியாது என்பது வேறு விஷயம். சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையும், டீசல் ஒழுகுகிற ஒரு ஜெனரேட்டரும்தான் தெரியும்.

நான் வேலை பார்ப்பது மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில். பில் பாஸ் பண்ணுவது, ஜி.பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, ஓய்வு பெறப்போகிறவர்களின் பென்ஷன் ஃபைல், இதுதான் அன்றாடம். கவிதை எழுதுவதை ரொம்ப வருஷம் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. சிற்றிதழ்களில் வந்துகொண்டிருந்தவரை பிரச்சினையும் இல்லை, அதையெல்லாம் படிக்கிற ஆள் எங்கள் ஆபீஸில் கிடையாது. ஒரு தடவை வார இதழ் ஒன்று போட்டோவோடு போட்டுவிட்டது. யாரோ ஒருவர் வீட்டில் வாங்குகிற இதழ். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டு, நோட்டீஸ் போர்டில், கூட்டுறவுச் சங்கக் கடன் சர்க்குலருக்குப் பக்கத்தில் குண்டூசியில் தொங்கியது. அன்றிலிருந்து என் எந்தக் காரியத்துக்கும் காரணம் தேடுகிற சிரமம் மற்றவர்களுக்கு இல்லாமல் போனது. லீவு போட்டால் கவிதை. லேட்டாக வந்தால் கவிதை. சாப்பிடும்போது பேசாமல் இருந்தால் கண்டிப்பாகக் கவிதை.

இத்தனைக்கும் நான் எழுதுவது விடிகாலையில், வீட்டில், பால்காரர் வருவதற்குள். ஆபீஸ் நேரத்தில் வேறு காரியம் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். ஒருத்தர் மனை வியாபாரம் செய்கிறார். மூன்று மணிக்கு மேல் அவர் சீட் காலியாக இருந்தால் பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு சைட் காட்டப் போயிருக்கிறார் என்று அர்த்தம், யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொருத்தர் மேசை டிராயரில் மனைவி பெயரில் எடுத்த இன்சூரன்ஸ் ஏஜென்சியின் படிவங்கள் சர்க்கார் படிவங்களைவிட ஒழுங்காக அடுக்கியிருக்கும். ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்ததும் போனைக் கையில் எடுக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான், ஏலச்சீட்டு நடத்துகிற அக்கா ஒருவர் இருக்கிறார். இவர்களில் யாரையும் ‘வாங்க புரோக்கரே’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘பொழைக்கத் தெரிஞ்ச மனுஷன்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பில்லில் தப்பு வந்தால் அது வேலைப்பளு. என் பில்லில் வந்தால் போச்சு, ‘எதுகையைப் பார்த்தார், தொகையை விட்டுட்டார்’ என்று சிரிப்பு. (நான் எதுகை பார்த்து எழுதுகிறவனே இல்லை.)

வேடிக்கை என்னவென்றால், சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. 1964-ஆம் வருஷத்து மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 15-ஆவதை எடுத்துப் பாருங்கள். முன் அனுமதி வாங்காமல் வியாபாரமோ தொழிலோ செய்யக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் நடத்துகிற இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் ஆகாது. அடுத்த விதி, 16, ஷேரில் சூதாட்டம் மாதிரி வாங்கி விற்பதைத் தடுக்கிறது. ஆனால் அதே 15-இல்தான், அவ்வப்போது இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து ஏதாவது செய்துகொள்ள முன் அனுமதி வேண்டாம், அலுவல் வேலை கெடாமல் இருந்தால் போதும் என்றும் இருக்கிறது. அந்த நோட்டீஸ் போர்டு சமாசாரம் நடந்த வாரத்தில் எங்கள் சூப்பரிண்டெண்ட், “பர்மிஷன் வாங்கிட்டுத்தான் எழுதுறீங்களா?” என்று கேட்டார். விதியை ஜெராக்ஸ் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். “ரூல் இருக்கு, சரி. இருந்தாலும் நாலு பேர் ஒரு மாதிரி பேசுவாங்க பாருங்க” என்றார். ரூல் பிரகாரம் மாட்டவேண்டியவர்கள்தான் அந்த நாலு பேரும் என்பது அவருக்கும் தெரியும்.

9-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது, அரசாங்கத்தின் கொள்கையைக் குறை சொல்லி எதையும் வெளியிடக் கூடாது, புனைபெயரில் வெளியிட்டாலும் அது பொருந்தும். ஆனால் எனக்குத் தெரிந்த ஆபீஸ் கவிஞர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது அரசாங்கத்துக்குப் பயந்து அல்ல, பக்கத்து சீட்டுக்குப் பயந்து.

சங்கப் புலவர்களின் பெயர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார். வெண்ணிக் குயத்தியார், குயவர் வீட்டுப் பெண், வெண்ணிப் போரில் ஜெயித்த கரிகாலனிடமே ‘உன்னைவிடத் தோற்றவன் நல்லவன்’ என்று சொல்லுமளவுக்கு வாய் உள்ளவர். பார்த்த தொழில் இவர்கள் பெயருக்கு முன்னால் ஜம்மென்று நிற்கிறது. தானியம் விற்கிறவருக்குப் பாட்டு எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்களோ என்னவோ, பெயரைச் சேர்த்து எழுதிவைத்தவர்களுக்கு அது ஒரு முரணாகப் படவில்லை.

இப்போது கேட்கிற கேள்விகள் இரண்டே. ஒன்று, “சினிமாவுக்கு எழுதலையா?” இல்லை என்றால், வாய்ப்புக் கேட்டு அலைந்து கிடைக்காமல் போனவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. இரண்டாவது, “இதுல எவ்வளவு வரும்?” இந்தக் கேள்வியை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு தொகை கேட்கக் கூடாதா என்ன? பதில் சொல்வதுதான் சங்கடம். கவிதைப் புத்தகம் இருநூறு முந்நூறு பிரதி போடுகிறார்கள், பல பேர் கைக்காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள், அதில் பாதி நண்பர்களுக்குச் சும்மா போகிறது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும். இளக்காரம் என்று சொல்லமாட்டேன், கிட்டத்தட்ட எரிச்சல். குடிக்கிறவனைப் பற்றிக்கூட அவருக்கு ஒரு புரிதல் இருக்கிறது. காசு வராத ஒரு வேலையை, யாரும் கேட்காமலே, ஒருத்தன் வருஷக்கணக்காக அக்கறையாகச் செய்கிறான், அவனும் தன்னுடைய அதே கிரேடில் அதே சம்பளம் வாங்குகிறான் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கவிதைமேல் இவர்களுக்கு வெறுப்பு இல்லை. மேடையில் இருந்தால் கைதட்டுவார்கள், அரசர் காலத்தில் இருந்தால் பெருமைப்படுவார்கள். முரசுக் கட்டிலில் தூங்கிப்போன மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய கதையை எங்கள் ஆபீஸ் விழாக்களில் நான் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே சூப்பரிண்டெண்ட், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குக் கண் லேசாகச் சொக்கியதைப் பார்த்துவிட்டு, “எவன்யா அங்க, கவிஞருக்குக் கவரி எடுத்துட்டு வா” என்றார். நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன். எதிர் வரிசையில் குறட்டையே விட்டுக்கொண்டிருந்த மனை வியாபாரிக்கு யாரும் கவரி கேட்கவில்லை.

அப்புறம் செப்டம்பர் 14, ஹிந்தி தினம். அதை ஒட்டிப் பதினைந்து நாள் விழா, கட்டுரைப் போட்டி, கவிதை ஒப்பித்தல், ரொக்கப் பரிசு. நோட்டீஸ் போர்டில் என் பக்கத்தைக் குத்திவைத்தவர் என்று நான் பலமாகச் சந்தேகிக்கிற நண்பர், ஹிந்திக் கவிதை ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணி ஆறுதல் பரிசு வாங்கினார். அர்த்தம் கேட்டேன். “ஏதோ நதியைப் பத்தி” என்றார்.

கேலி பண்ணுகிறவர்களுக்கு என் கவிதை தேவைப்படுகிற நாளும் வரும், பணி நிறைவு விழா. யாராவது ஓய்வு பெறுகிறார் என்றால் பத்து நாள் முன்னாடியே, “கவிஞரே, ஒரு வாழ்த்து மடல்” என்று வந்துவிடுவார்கள், அப்போது மட்டும் குரலில் ஒரு குழைவு. மடலுக்கு இலக்கணம் இருக்கிறது: ஓய்வு பெறுகிறவர் பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்க வேண்டும், ‘பல்லாண்டு’ வர வேண்டும், மேலே பிள்ளையார், கீழே ‘அன்புடன் கணக்குப் பிரிவினர்’, தங்கக் கலர் ஃபிரேம். ஒரு பெரியவருக்கு எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் மேசையில் தண்ணீர் ஊறிய ஸ்பாஞ்சு டப்பா ஒன்று இருக்கும், விரலை அதில் ஒற்றிக்கொண்டுதான் எந்தக் காகிதத்தையும் புரட்டுவார். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி எப்போதும் கொஞ்சம் வெளுத்து, சுருங்கிப்போய் இருக்கும். அவரைப் பற்றி எனக்கு எழுதத் தோன்றியது அந்த விரலைத்தான், இரண்டு வரி எழுதினேன். விழாக் குழுவில் படித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, விரல் சுருங்கிடுச்சு அது இதுன்னு, மங்களகரமா எழுதுங்க” என்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ‘தமிழன்னை ஈன்ற தவப்புதல்வா’ வந்தது. அவர் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர். மேடையில் மைக் பிடித்து மடலைப் படித்தது நான் இல்லை, ஹிந்தி நதி நண்பர்.

அந்த விரல் விஷயத்தில் அவர்கள் பயந்தது மங்களத்துக்காக மட்டும் இல்லை. ‘இவன் நம்மளையெல்லாம் கவனிச்சுக்கிட்டு இருக்கான்’ என்கிற உறுத்தலும் அதில் இருக்கிறது. “என்னைப் பத்தி எழுதிராதீங்க சாமி” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே சொல்கிறார்கள்.

என் கதை பரவாயில்லை, கேலியோடு போகிறது. வேறொரு செக்‌ஷனில் ஒரு மேடம் எழுதிக்கொண்டிருந்தார், என்னைவிட நன்றாகவே எழுதினார். என்னிடம் ‘எவ்வளவு வரும்’ என்று கேட்ட அதே ஆட்கள் அவர் கவிதையைப் படித்துவிட்டுத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது, ‘யாரைப் பத்தி?’ கவிதையில் ஒரு ‘நீ’ வந்துவிட்டால் போதும், அந்த ‘நீ’ எந்த செக்‌ஷன் என்று டீக்கடையில் ஆராய்ச்சி நடக்கும். ஒரு கிரகப்பிரவேசத்தில் அவர் கணவரிடமே ஒருத்தர் சிரித்துக்கொண்டு, “உங்க வீட்டம்மா பயங்கரமா எழுதுறாங்களே, படிக்கிறீங்களா?” என்று கேட்டுவைத்தார். அத்தோடு சரி. இப்போது கேட்டால், “பொண்ணு பிளஸ் டூ சார், நேரமே இல்ல” என்கிறார். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயரில் வெளியிட்ட கவிஞர் சல்மா 2025-இல் மாநிலங்களவைக்கே போனார். அந்தக் கதையை மகளிர் தினத்தில் எங்கள் ஆபீஸிலும் மேடையேறிச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த மேடமும் இருந்தார், கிரகப்பிரவேசத்தில் கேட்டவரும் இருந்தார்.

கவிஞர்கள் மேலும் தப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீ கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, நாம் தப்பிக்க முடியாத நிலையில் பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நானே கழிப்பறை வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் சூரியனை வர்ணிக்கிற பென்ஷன்தாரர்கள் ஒரு தனிப்படை. வேலையைச் செய்யாமல் போட்டுவிட்டு ‘நான் கலைஞன், எனக்கு ஃபைல் ஒத்துவராது’ என்று திரிந்த ஒருவரையும் தெரியும், அவர் ஃபைலையும் நான்தான் பார்த்தேன். ஆனால் அவரை வைத்து ஒரு பொதுவிதி போடுவது எந்த நியாயம்? வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கிக் கணக்குப் பார்த்தவர்கள்தான், ஞானக்கூத்தன் பொதுப்பணித்துறையில் இருந்தவர், டி.எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவன். அவனும் கவிதை எழுதுகிறான், இன்ஸ்டாகிராமில், நாலைந்து வரி, பின்னால் மழைச் சத்தத்தோடு. அவனை யாரும் ‘கவிஞரே’ என்று கூப்பிடவில்லை. “எத்தனை ஃபாலோயர்?” என்று கேட்டார்கள், எண்ணைச் சொன்னான், ஐந்து இலக்கம். அதோடு மரியாதை தானாக வந்துவிட்டது. மனை வியாபாரி தன் லேஅவுட்டுக்கு நாலு வரி கேட்டுக்கொண்டு அவன் சீட்டுக்கே போய் நின்றார். அவன் கவிதை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மழைச் சத்தம் இல்லாவிட்டால் நிற்காது. ஆனால் ஆள் வேலையில் கெட்டி, அவன் போடுகிற பில்லை நான் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை.

அவனுக்கு வரன் பார்க்கிறார்கள். அன்றைக்கு கேன்டீனில் தயங்கித் தயங்கிக் கேட்டான். “சார், பொண்ணு வீட்ல கவிதை எழுதுறதைச் சொல்லலாமா? அம்மா வேணாங்கிறாங்க. ஒரு மாதிரி நினைச்சுப்பாங்களாம்.”

“ஃபாலோயர் எத்தனைன்னு சொன்னியா அம்மாகிட்ட?”

“அது எதுக்குன்னு கேக்கிறாங்க.”

“பொண்ணுகிட்ட நீயே சொல்லிரு, முதல் பேச்சுலயே சொல்லு” என்றேன். “மாமனாருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் போதும்.”