அலாரத்தை அணைக்கக் கூடாது

தக்கலைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் கணக்குப் பார்க்கிறேன். போன ஐப்பசி மழையில் ராத்திரி 2 மணிக்கு டீசல் டேங்க் அலாரம் கத்தியிருக்கிறது, பையன் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான், காலையில் நான் டிப் ராடு (டேங்கில் இறக்கி மட்டம் அளக்கும் கம்பி) நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவி இறக்கிப் பார்த்தால் இரண்டு விரல் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. தண்ணீர்! டேங்கில் டீசல் ஊற்றும் ஃபில் பைப் மூடியில் வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

டேங்குக்குள் நிற்கும் கம்பியில் இரண்டு மிதவைகள் உண்டு. மேலே இருப்பது எண்ணெய் மட்டத்தைச் சொல்லும், அடியில் இருப்பது தண்ணீரை, அது உயர்ந்தால் அலாரம் கத்தும். பெட்ரோல் டேங்க் என்றால் இன்னும் மோசம், அதில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்துவிடும்.

அப்புறம் கசிவு. 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தாலே சுமார் 12 லிட்டர் சுருங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விற்பனையை நிறுத்தி, வெப்பநிலையையும் கணக்கில் சேர்த்த பிறகும் மட்டம் இறங்கினால்தான் எனக்குப் பயம், ஏனென்றால் சுற்றியுள்ள வீடுகளில் எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

இப்போது அந்தப் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: "சத்தம் கேட்டா எத்தனை மணியானாலும் கூப்பிடு மக்கா."