பெரி என்று எழுதி, புவாரியே என்று வாழ்ந்த ஊர்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். அவருடைய துணி அலமாரியில் ஒட்டிய சீட்டில் ‘பெரி’ என்றிருக்கும். தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் செபப் புத்தகத்தின் முதல் பக்கத்திலோ, மங்கிப்போன நீல மையில் ‘புவாரியே’. இரண்டும் ஒரே குடும்பப் பெயர்தான் என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

ஊர் டிக்னிஷ். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்தில் மேற்குக் கோடி. தலைநகர் சார்லட்டவுனிலிருந்து 150 கிலோமீட்டர் போல வரும். ஊர் எல்லைக்குள் ஆயிரம் பேர்கூட இல்லை. தீவின் ரயிலுக்கு மேற்கே இதுதான் கடைசி ஸ்டேஷனாக இருந்தது. 1989-ல் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். கிழக்கே எல்மைரா வரை 273 கிலோமீட்டர். மண் செங்கல் நிறம். மழை பெய்தால் கரையோரக் கடலும் சிவந்துவிடும்.

பெயர் மிக்மாக் பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்தது. துடுப்பு என்று பொருள் சொல்கிறார்கள். 1758-ல் ஆங்கிலேயப் படை இந்தத் தீவின் அகேடியர்களை, அதாவது பிரெஞ்சு பேசிய குடியானவர்களை, கப்பலேற்றி நாடுகடத்தியது. தப்பியவர்களின் வழிவந்த சில குடும்பங்கள் 1799-ல் மால்பெக்கிலிருந்து இங்கே வந்து குடியேறின. 1811-லிருந்து அயர்லாந்துக்காரர்களும் சேர்ந்தார்கள். இரு கூட்டத்தாருக்கும் ஒரே கோயில்: புனித சீமோன், யூதா கோயில், 1860-ல் செங்கல்லால் கட்டியது. உள்ளே 1882-ல் மாண்ட்ரியலின் லூயி மிச்சல் செய்து வைத்த ஆர்கன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களோடு இன்னும் பாடுகிறது. அதன் அடிக்குரல் நாம் உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக முதுகுத்தண்டில் ஏறும்.

பிரெஞ்சுப் பெயர்கள் ஆங்கிலத்துக்கு மாறிய கதைதான் என்னை விடவே இல்லை. புவாரியே, பெரி ஆனது. பிட்ர், பீட்டர்ஸ் ஆனது. ஓக்வான் என்ற பெயரின் கடைசிப் பாதிக்கு பிரெஞ்சில் ஆப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. அதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘வெட்ஜ்’ என்று வைத்துவிட்டார்கள். 1854-ல் தீவின் சட்டசபைக்குப் போன முதல் அகேடியர் இந்த ஊர்க்காரர்தான். அவரும் பிறப்பால் புவாரியே, அரசியலில் ஸ்டானிஸ்லாஸ் பெரி. இத்தனைக்கும் மாகாணத்தின் முதல் பிரெஞ்சுப் பத்திரிகை ‘லெம்பார்சியால்’ 1893-ல் இந்தச் சின்ன ஊரிலிருந்துதான் வெளிவந்தது. நடத்தியவர் ஜில்பேர் புவோத் என்ற பள்ளி ஆசிரியர். இருபது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். இங்கே சம்பளச் சீட்டிலும் சட்டையில் குத்தும் அட்டையிலும் அதுதான் நான். பாட்டி மட்டும் முதல் வாரமே, “உன் அம்மா உன்னை என்னவென்று கூப்பிடுவாள்?” என்று கேட்டு, மூன்று முறை சொல்லிப் பார்த்து, அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சிங்கி இறால் சீசன் தொடங்கும் நாள் இங்கே திருவிழாவுக்குச் சமம். ஏப்ரல் கடைசியில் வரும். காற்று இடம் கொடுக்காவிட்டால் மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். இந்த வருஷம் ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே ஜூட்ஸ் பாயிண்ட் துறைக்குப் போனேன். விறைக்கும் குளிர். ஒவ்வொரு படகிலும் பின்பக்கம் முழுக்க இறால் பிடிக்கும் மரக்கூடுகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பாரத்தில் படகின் பின்புறம் தண்ணீரில் அமுங்கிக்கிடந்தது. கூட்டில் இரைக்கு வைத்த மீனின் வாடை, டீசல் புகை. குழந்தைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் காட்டினார்: கண்குழியிலிருந்து முதுகோட்டின் விளிம்பு வரை வைத்து, சிறியதென்றால் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். சினை இறால் எவ்வளவு பெரிதானாலும் அப்படித்தான். இரண்டே மாதம், அதற்குள் வருஷத்துச் சம்பாத்தியம்.

படகுகள் வரிசையாகக் கிளம்பியபோது கரையில் யாரும் பேசவில்லை. எங்கள் ஊர் குளச்சலில் கச்சான் காற்று வீசும் காலத்தில் வள்ளம் இறக்கும்போது எங்கள் அம்மா நிற்பதும் இப்படித்தான்.

திரும்பி வந்து பாட்டியின் அறையில் எட்டிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார். பேரன்கள் இரண்டு பேர் கடலில்.

“காற்று எந்தப் பக்கம்?”

“தென்மேற்கு, பாட்டி. லேசாகத்தான்.”

தலையை அசைத்துவிட்டு, செபமாலையில் விட்ட மணியைத் தேடிப் பிடித்து, பிரெஞ்சில் தொடர்ந்தார்.