பச்சை எல்இடியில் ஒரு சூரிய ஒளிமானி: ஐந்து வாரக் குறிப்பு

பாலிடெக்னிக்கில் படித்த நாளில் மூத்த மாணவர் ஒருவர் என்னிடம் தந்த புத்தகத்தில் அச்செழுத்தே இல்லை. எல்லாப் பக்கமும் கையெழுத்தும் கையால் வரைந்த சுற்றுப்படங்களுமாகவே இருந்தன. அமெரிக்காவின் மின்னணுப் பொருள் கடைகளான ரேடியோ ஷாக்குக்காக 1983இல் ஃபாரஸ்ட் மிம்ஸ் எழுதிய மின்னணுவியல் தொடக்கநூல் அது. அவர் பொறியியல் பட்டதாரி அல்லர். 1969இல் எட் ராபர்ட்ஸ் முதலியோருடன் சேர்ந்து எம்ஐடிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்பாடு அந்நிறுவனம் தொடக்ககாலத் தனிநபர் கணினியான அல்டேர் 8800ஐ வெளியிட்டபோது அவர் விலகியிருந்தார். அதன் கையேட்டை எழுதித் தந்ததற்குக் கூலியாக ஒரு அல்டேரைப் பெற்றுக்கொண்டார் என்பது அவரைப் பற்றிய சுவையான செய்தி. ஆனால் என்னை ஈர்த்தது அந்தக் கதையன்று. 1990 பிப்ரவரி முதல் டெக்சாசில் தம் வீட்டருகே ஒரு வயல்வெளியில் நின்று, நண்பகல் சூரியனின் ஒளியை அவர் விடாமல் அளந்துவந்த பழக்கமே. காற்றில் தூசும் புகையும் மிகுந்தால் நம்மை எட்டும் ஒளி குறையும்; அந்தக் குறைவை அளப்பதே சூரிய ஒளிமானி.

அந்தப் பழக்கத்துக்கு அடிப்படை ஓர் எளிய உண்மை. ஒளியை உமிழும் எல்இடி, ஒளி பட்டால் மின்னோட்டத்தையும் தரும். அதுவும் தான் உமிழும் அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைந்த ஒரு குறுகிய பட்டையில் மட்டும். ஆகவே விலை மிகுந்த, காலப்போக்கில் கெட்டுப்போகும் ஒளிவடிகட்டி இல்லாமலேயே, சில காசுகள் பெறும் பச்சை எல்இடி ஒன்று உணரியாகவும் வடிகட்டியாகவும் இருந்துவிடுகிறது. ஆண்டுதோறும் புகைமூட்டத்தை எதிர்பார்த்திருக்கும் சிங்கப்பூரில் இதைச் செய்து பார்க்காமல் இருப்பது தவறு என்று எனக்குத் தோன்றியது.

சிம் லிம் டவரில் உதிரிபாகங்களை வாங்கினேன். எல்இடியின் குவிந்த தலையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டிய குழாயில் பொருத்தினேன். எல்இடி தரும் சிறு மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றிக் காட்ட, வீட்டில் கிடந்த 741 ஆப்-ஆம்பையும் (பெருக்கிச் சில்லு) 4.7 மெகா ஓம் மின்தடையையும் பற்றவைக்காமலே சுற்றமைக்க உதவும் பிரெட்போர்டில் செருகி, 9 வோல்ட் பேட்டரியை இணைத்தேன். குழாயின் வாயை விரலால் மூடினாலும் மல்டிமீட்டர் ஏறத்தாழ 2 வோல்ட் காட்டியது. சூரியனை நோக்கித் திருப்பினாலும் அதே 2 வோல்ட்தான். இரண்டு மாலைப்பொழுதுகள் எல்இடியின் மீதே பழிபோட்டுக் கழிந்தன. குற்றம் 741இன் மீது. ஒற்றைப் பேட்டரியில் இயக்கும்போது அதன் வெளியீடு சுழியருகே இறங்காது. போதாக்குறைக்கு அதன் உள்ளீடே 80 நானோ ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை உறிஞ்சும்; அது 4.7 மெகா ஓமில் ஏறத்தாழ 0.38 வோல்ட் பிழையாக நிற்கும். அதற்குப் பதிலாக, இக்குறைகள் இல்லாத சிமாஸ் வகை ஆப்-ஆம்பான டிஎல்சி271ஐ மாற்றியதும் மூடிய குழாய் சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டேன்.

மின்சுற்று முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. வளிமண்டலத்துக்கு வெளியே இக்கருவி எவ்வளவு காட்டும் என்பதை அறியாமல் தூசின் அளவைச் சொல்ல இயலாது. அதற்குக் காலையில் சூரியன் ஏற ஏற அளவெடுத்து, வோல்ட்டின் மடக்கையைக் காற்றுத் தடிமனுக்கு (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு; சூரியன் நேர் உச்சியில் இருந்தால் 1) எதிராக வரைந்து, அக்கோட்டைச் சுழித் தடிமன்வரை நீட்டவேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக ஏறுவதால், தடிமன் 5லிருந்து 2க்குக் குறைய ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் அந்நேரத்தில் பாதியை எதிர் புளோக் விழுங்கிவிடுகிறது, மீதியை மேகம் விழுங்குகிறது. நான்கு விடியல்களில் மூன்று வீணாயின. நான்காவதில் புள்ளிகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் அமைந்து 1.94 வோல்ட் கிடைத்தது.

எனக்கு இரவுப்பணி என்பதால், சூரியன் உச்சிக்கு வரும் மதியம் 1 மணிக்கு எங்கள் புளோக்கின் கீழே புல்வெளியில் நிற்கிறேன். குறிபார்க்கக் கருவியில் மேலும் கீழுமாக இரு தகடுகள் உள்ளன; மேல்தகட்டுத் துளையின் ஒளிப்பொட்டு கீழ்த்தகட்டின் புள்ளியில் விழுமாறு கருவியைச் சாய்த்து, மிகப்பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வேன். “என்ன தம்பி, தினம் வெயில்ல நின்னு எதைப் பிடிக்கிறீங்க?” என்று நான்காம் மாடி அக்கா கேட்டார். தூசு என்றேன், துடைப்பம் தரட்டுமா என்றார்.

நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் அளவுகள் விலகிவருவதை மிம்ஸ் கண்டது இப்படித்தான்: அவர் செய்த இரண்டு கைக்கருவிகளும் தமக்குள் ஒத்துப்போயின, செயற்கைக்கோளுடன் ஒத்துப்போகவில்லை. 1993இல் அது நேச்சர் இதழில் வெளிவந்தது. கருவி ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவரே தம்மை நம்பியிருப்பாரா என்பது ஐயமே.

ஐந்து வாரத்தில் மேகம் மறைக்காத நண்பகல்கள் 11 மட்டுமே. தெளிந்த நாள்களில் 1.27 வோல்ட்டை ஒட்டி நின்ற எண், சென்ற வியாழனன்று, நடைக்கூடத்தில் எரிந்த வாடை வீசிய மதியத்தில், 0.85க்கு இறங்கியது. புகையா, அல்லது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகமா என்பதை ஒரே கருவியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது எல்இடியைத் தேய்த்து வைத்துவிட்டேன். குழாய் வாங்க சனிக்கிழமை கடைக்குப் போகவேண்டும்.