ஆறாயிரம் ரூபாய்க்கு வந்த ‘வளைந்த’ பேஸ்: நான்கு மாதக் குறிப்புகள்

ஆகஸ்ட், இரண்டாவது வாரம். பெரம்பூரில் ஒருவர் வீட்டில் பேஸ் கிட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது, நெக் (ஸ்ட்ரிங்குகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி) வளைந்துவிட்டதாம், பார்ட்ஸுக்கு வேண்டுமானால் போய்ப் பார் என்று சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் சொன்னான். நெக் வளைந்தது என்றாலே பலர் போகமாட்டார்கள். நான் போனேன். பழைய பேஸ் பார்க்கப் போகும்போது ஒரு சின்னப் பை எப்போதும் என்னோடு வரும்: ஆலன் கீ செட், கிளிப் டியூனர், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், கேபிள், ஹெட்போனில் கேட்கிற மாதிரி குட்டி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று.

வீட்டில் ரிட்டயரான ரயில்வேக்காரர். பேஸ் அவருடைய பையனுடையது, பையன் கனடா போய் ஐந்து வருஷம் ஆகிறதாம். நெக்கின் நுனியில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் பெயர் சுரண்டிக் கிடந்தது, பின்பக்கம் ‘மேட் இன் இந்தோனேசியா’ மட்டும் தெரிந்தது. வடிவம் பிரிசிஷன் பேஸ். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்தாரே, அந்த வடிவத்தின் வழிவந்தது: 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), 1957-இலிருந்து வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன். பழையதை வாங்கி நோண்டிப் பழக இதைவிட நல்ல பேஸ் கிடையாது என்பது என் எண்ணம். உள்ளே இருப்பதே நாலு சாமான்தான், எதுவும் தனியாகக் கிடைக்கும்.

முதலில் நெக். தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முதல் பிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒரு விரலாலும் கடைசி பிரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்தினால் அந்த ஸ்ட்ரிங்கே நேர்கோல் ஆகிவிடும். நடுவில், ஏழு எட்டாம் பிரெட் பக்கம், ஸ்ட்ரிங்குக்கும் பிரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, 0.3 மில்லிமீட்டர் அக்கம்பக்கம் இருந்தால் சரி. இதில் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தது. பார்த்தால் வில்தான். ஆனால் ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பார்த்தபோது இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தன, முறுக்கு இல்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம். வளைவை ட்ரஸ் ராட் எடுத்துவிடும், முறுக்கை எடுக்காது. முறுக்கு இருந்திருந்தால் நானும் திரும்பி வந்திருப்பேன்.

ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுக்கும், அந்த இழுப்புக்கு எதிராக நெக்கைப் பின்னால் பிடித்து வைப்பது அதுதான். அவரிடம் கேட்டுக்கொண்டு 4 எம்எம் கீயைப் போட்டு மெதுவாக அசைத்தேன். ராடின் முனையில் இருக்கும் நட் லூஸாகவே இருந்தது, யாரும் அதை ஒருபோதும் முறுக்கியதில்லை போல. அதாவது திருப்ப இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

இங்கே வாயை மூடிக்கொண்டு விலை பேசியிருக்கலாம். எனக்கு அது பிடிக்காது. “அங்கிள், இது கெட்டுப்போகலை, சரியாக வாய்ப்பு இருக்கு, கொஞ்சம் கூட்டியே கேட்கலாம் நீங்க” என்றேன். “நீ வாசிப்பியா தம்பி? அப்ப ஆறாயிரம் கொடுத்து எடுத்துட்டுப் போ, சுவத்துல தொங்கினா எனக்கு அவன் ஞாபகமாவே இருக்கு” என்றார். சரி என்று எடுத்துவந்தேன்.

அடுத்த பத்து நாள் நெக் வேலை மட்டும். ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்தி, கீயைக் கடிகார திசையில் கால் சுற்று, மறுபடி டியூன், அப்படியே ஒரு நாள் விட்டுவிடுவது. மரத்துக்கு நேரம் வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நட்டின் மறை போகலாம், ராட் உடையவும் உடையலாம், அப்புறம் அந்த நெக் விறகுதான். அளக்க ஜி.பி. ரோட்டில் 150 ரூபாய்க்கு ஃபீலர் கேஜ் வாங்கினேன், பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் அதே தகடுகள்தான். முதல் கால் சுற்றில் 1.5 இருந்தது 1.1 ஆனது. இரண்டாவதில் 0.7. மூன்றாவதுக்குப் பிறகு இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் 0.35. அன்றைக்கு ராத்திரி அந்தப் பழைய துருப்பிடித்த ஸ்ட்ரிங்கிலேயே ஒரு மணி நேரம் வாசித்தேன்.

செப்டம்பர். இப்போது கரகரப்பு, இரைச்சல். வால்யூம் குமிழைத் திருப்பினால் மணல் தேய்க்கிற மாதிரி சத்தம். அதோடு ஒரு பெரிய ஹம், ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் குறையவில்லை. எனக்கு இதுதான் துப்பு. ஒழுங்காக எர்த் ஆன பேஸில் ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் அடங்கும். தவிர இந்த வகை பிக்கப்பில் இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிரெதிராக இருக்கும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் ஹம்மில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். அப்படியும் இரைகிறது என்றால் எங்கோ வயர் விட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் ஒரு முனையை பிரிட்ஜிலும் (ஸ்ட்ரிங்குகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் உலோகப் பாகம்) மறுமுனையை ஜாக்கின் வெளி வளையத்திலும் வைத்தேன், பீப் வரவில்லை. பிரிட்ஜைக் கழற்றினால் அடியில் வரும் ஒற்றை வயர் துருவோடு துருவாக அறுந்து கிடந்தது.

ஒரு சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். 250கே பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இரண்டு, 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், புது ஜாக், வயர், கான்டாக்ட் கிளீனர், எல்லாம் சேர்த்து 430 ரூபாய். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பாட் மேல் ஏ 250கே என்று இருக்கிறதா பி 250கே என்று இருக்கிறதா என்பது. வால்யூமுக்கு ஏ வகை காதுக்கு இதமாக, படிப்படியாக ஏறும். கடைகளில் கைக்கு எளிதாகக் கிடைத்தது பி. அதையே வாங்கினேன், ஆனால் கடைசியில் அதை மாட்டவில்லை. பழைய பாட்டுக்குள் கிளீனரை அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பியதிலேயே கரகரப்பு போய்விட்டது. முதலில் சுத்தம் பண்ணிப் பார்த்திருந்தால் அந்தப் பாட் காசு மிச்சம்.

பிரிட்ஜ் வயரை பாட்டின் முதுகில் சால்டர் பண்ணுவது மட்டும் கொஞ்சம் படுத்தியது. என் 25 வாட் அயர்னுக்கு அந்த இரும்புத் தகட்டைச் சூடாக்க முடியவில்லை, ஈயம் உருண்டையாக நின்று உதிர்ந்துகொண்டே இருந்தது. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, பக்கத்து வீட்டு அண்ணனிடம் 60 வாட் அயர்ன் வாங்கி வைத்தபோது மூன்று விநாடியில் ஒட்டியது. ஹம் போய்விட்டது.

சின்னச் சின்ன வேலைகளும் இருந்தன. பிக்கப் அடியில் இருந்த ஸ்பாஞ்ச் பொடிந்துபோய் ஈ, ஏ பக்கத்துப் பாதி உள்ளே இறங்கிக் கிடந்ததால் அந்த இரண்டு ஸ்ட்ரிங்கும் மெல்லக் கேட்டன, பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தேன். ஸ்ட்ராப் மாட்டும் பட்டனின் திருகு ஆடியது. ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைச் சுரண்டி, ஃபெவிகால் தடவி ஓட்டைக்குள் நிரப்பி, ஒரு ராத்திரி காயவிட்டுத் திருகினால் கல் மாதிரி பிடிக்கிறது. பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சேடில்களின் திருகுகள் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தன, எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்துதான் 1.5 எம்எம் கீயால் அசைக்க முடிந்தது.

பிரெட்போர்டு, அதாவது பிரெட்கள் பதித்த மேல் பலகை, காய்ந்து வெளுத்திருந்தது. லெமன் ஆயில் இரண்டு சொட்டு போதும், தேங்காயெண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து நாற்றமடிக்கும். துடைத்தபோதுதான் இது ரோஸ்வுட் இல்லை, இந்தியன் லாரல் என்று தெரிந்தது. இந்தியன் லாரல் வேறொன்றும் இல்லை, நம் கருமருது. 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதையும், நம் ஈட்டி மரம் உட்பட, கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், எல்லை தாண்டிப் போக ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும் என்று ஆனது. கம்பெனிகள் குறைந்த விலை மாடல்களில் வேறு மரங்களுக்குப் போனார்கள், கருமருதுக்கு அப்போதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது, ஆனாலும் பலர் பழைய மரத்துக்குத் திரும்பவில்லை. எனவே யாராவது ‘இருபது வருஷப் பழசு’ என்று சொல்லி விலை ஏற்றும்போது பிரெட்போர்டைப் பாருங்கள். லாரலாக இருந்தால் அநேகமாக 2017-க்குப் பிந்தையது.

புது ஸ்ட்ரிங் 45-105 செட் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), 2,100 ரூபாய். சரிசெய்த செலவில் பெரிய துண்டு இதுதான், பேஸ்காரர்கள் ஸ்ட்ரிங்கை வருஷக்கணக்கில் மாற்றாமல் இருப்பதும் இதனால்தான். பழையதைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அழுக்கு இறங்கிச் சத்தம் திரும்ப வரும், செய்திருக்கிறேன், ஒன்றிரண்டு வாரம் தாங்கும். துருப்பிடித்ததற்கு அது உதவாது. மாட்டும்போது ஒரு விஷயம்: ஸ்ட்ரிங்கைச் சுற்றும் டியூனிங் போஸ்டைத் தாண்டி நாலு விரற்கடை விட்டு, அந்த இடத்தில் முதலில் தொண்ணூறு டிகிரி மடித்து, மடித்த பிறகே வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியிலிருந்து மேல்சுற்று நழுவி ஸ்ட்ரிங் செத்துப்போகும்.

கடைசியாக ஆக்ஷன், அதாவது பிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்: 12-ஆம் பிரெட்டில் ஈ பக்கம் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி பக்கம் 2. அப்புறம் இன்டொனேஷன்: 12-ஆம் பிரெட்டின் மேல் லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நாலு ஸ்ட்ரிங்கும் முடிய முக்கால் மணி நேரம்.

அக்டோபரில் ஆம்ப். பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த 40 வாட் பேஸ் காம்போ, பழையது, 4,500. அதுவரை 15 வாட் கிட்டார் ஆம்பில்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன், அது தப்பு. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அந்தக் குட்டி ஸ்பீக்கரின் கோன் அந்த அசைவைத் தாங்காமல் கிழியலாம். இந்த ஆம்பில் கேபிளை அசைத்தால் சத்தம் போய்ப் போய் வந்தது. இன்புட் ஜாக்கின் சால்டர் விரிந்திருந்தது, ஐந்து நிமிட வேலை. ஆனால் முக்கியமானது வேறு. விற்றவர் வீட்டில் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின்னாக மாட்டியிருந்தார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் மேலே சால்டர் செய்த அந்த வயர் வழியாக ஸ்ட்ரிங்குகள் ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு இருந்தால் அது உங்கள் கைக்கு வரும், வேறு எர்த்தில் இருக்கும் மைக்கில் உதடு பட்டால் ஷாக் உங்கள் வழியாகவே போகும். எங்கள் சர்ச் ஹாலில் ஒரு தம்பிக்கு உதட்டில் சுரீர் என்று அடித்ததை நேரில் பார்த்தவன் நான். புது பிளக் மாட்டி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தையும் பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் கடைசியில் பேஸை விற்க முடிவு செய்தேன். வீட்டில் ஏற்கனவே இரண்டு இருக்கின்றன, இது வாசிக்கப்பட வேண்டிய பேஸ். செலவுக் கணக்கு 6,000, 2,100, 430, 150, லெமன் ஆயில் 350, ஆக 9,030. பதினோராயிரம் போட்டேன். விளம்பரத்தில் ஹெட்ஸ்டாக் சுரண்டல், கீழ் முனையில் ஒரு அடிபட்ட குழி, இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன், நெக் எந்த நிலையில் வந்தது, என்ன செய்தேன் என்பதையும் எழுதினேன். எந்த ஈக்யூவும் (டோன் திருத்தமும்) போடாமல் நேராக ரெக்கார்டு செய்த ஒரு நிமிட ஒலி. பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார், கொரியரில் அனுப்புவதானால் நாலு திருகைக் கழற்றி நெக்கைத் தனியாகக் கட்டி அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கொளத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் நேரில் வந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் பேஸ். “அண்ணா, பத்துக்குத் தருவீங்களா?” என்றான். கொடுத்தேன்.

அவன் வருவதற்கு முன்தினம் நெக்கின் இடைவெளியை அளந்தபோது 0.35 இருந்தது 0.5 ஆகியிருந்தது. மூன்று வாரமாக விடாத மழை, ஈரம் மரத்தில் ஏறியிருக்கிறது. நான் தொடவில்லை. மழைக்காலத்தில் திருப்பினால் வெயில் வந்ததும் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். பையனை உட்கார வைத்து ஸ்ட்ரிங்கை அழுத்தி இடைவெளி பார்ப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன், 4 எம்எம் கீயையும் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன். பொங்கல் கழித்து ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அப்போது அவனே அளக்கட்டும், தேவையென்றால் கால் சுற்று அவன் கையாலேயே போடட்டும்.