இயற்பியல் மாணவருக்கு எந்தக் கணக்கு?

எங்களுடையது சோமனூர் பக்கம் விசைத்தறிக் குடும்பம். கோவையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். முதலாண்டில் துணைப்பாடமாக வந்த கணிதம் எல்லோருக்கும் ஒன்றேதான். இரண்டாம் ஆண்டில் லீனியர் அல்ஜீப்ரா (அணிகள், வெக்டர்கள் பற்றிய கணிதம்), ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (சிறந்த முடிவைக் கணக்கிட்டு எடுக்கும் பாடம்) இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அணிகளைத்தான் (மேட்ரிக்ஸ்) பிளஸ் டூவிலேயே படித்துவிட்டோமே என்று இரண்டாவதை எடுத்தேன். நல்ல பாடம், மதிப்பெண்ணும் வந்தது.

மூன்றாம் ஆண்டு குவாண்டம் இயக்கவியலில் ஹெர்மீஷியன் ஆபரேட்டர், ஐகன் மதிப்பு என்று லீனியர் அல்ஜீப்ராச் சொற்கள் வரிசையாக வந்தபோதுதான் விட்டது எது என்று புரிந்தது. கணக்கைப் போட முடிந்தது. ஏன் அப்படிப் போடுகிறோம் என்பது பிடிபடவில்லை.

எம்.எஸ்சி. படித்த அக்கா ஒருவர், "ரெண்டு பெண்டுலத்தை ஒரே நூல்ல கட்டிப் பாரு" என்றார். தறிக்கூடத்தில் குறுக்கே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி, இரண்டு தார்க்குச்சிகளை (ஊடை நூல் சுற்றும் குச்சி) ஒரே நீளத்தில் தொங்கவிட்டேன். ஒன்றை ஆட்டினால் அது மெல்ல அடங்க, அடுத்தது ஆடத் தொடங்கும். பிறகு ஆட்டம் முதலாவதற்கே திரும்பும். இரண்டையும் ஒரே திசையில் சேர்த்து ஆட்டினால் இந்தக் கைமாற்றம் இல்லை. நேரெதிர்த் திசைகளில் ஆட்டினாலும் இல்லை. "என்ன கண்ணு, ஊஞ்சல் கட்டி உட்டிருக்கற?" என்று அப்பாவும் நின்று பார்த்தார். கைமாற்றம் இல்லாத அந்த இரண்டு ஆட்டங்கள்தான் இந்த அமைப்பின் ஐகன் வெக்டர்கள், அதாவது வடிவம் மாறாமல் தொடரும் ஆட்டங்கள். மற்ற எல்லா ஆட்டமும் இவற்றின் கலவை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்புறம் ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் 12 வாரம் உட்கார்ந்து லீனியர் அல்ஜீப்ரா படித்தேன். 1925இல் குவாண்டம் இயக்கவியலைத் தொடங்கிவைத்த இயற்பியலாளர் ஹைசன்பர்க் தன் புதிய பெருக்கல் விதியை எழுதியபோது அணிகளை அறிந்திருக்கவில்லை. அது அணிப் பெருக்கல் என்று கண்டுகொண்டவர், அதை முன்பே படித்திருந்த இயற்பியலாளர் மேக்ஸ் பார்ன். இதைத் தெரிந்துகொண்டது அப்போது பெரிய தெம்பு.

என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வகைக்கெழுச் சமன்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டும். அலைவு, மின்சுற்று, கதிரியக்கச் சிதைவு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வெக்டர் கால்குலஸை மின்காந்தவியலுக்கு முந்தைய செமஸ்டரிலேயே முடித்துவிடுங்கள். காஸ், ஸ்டோக்ஸ் தேற்றங்கள் தெரியாமல் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வெறும் மனப்பாடமாகிவிடும். லீனியர் அல்ஜீப்ராவைக் குவாண்டத்துக்கு முன் எப்படியாவது எடுத்துவிடுங்கள். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேருவதற்கான ஜாம் தேர்வு எழுதுவதாக இருந்தால் அதன் பாடத்திட்டத்தில் கணித முறைகள் பகுதியை முதலாண்டிலேயே ஒருமுறை பாருங்கள். ஃபூரியர் தொடர், ஜாக்கோபியன், அணிகள், கலப்பெண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நிகழ்தகவை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் புள்ளியியல் இயக்கவியலுக்கும் ஆய்வகப் பிழைக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை. ரியல் அனாலிசிஸ் ஆசையிருந்தால் படிக்கலாம், இவற்றுக்குப் பிறகு.

கலப்பெண் சார்புகளை நான் இன்னும் முடிக்கவில்லை. எம்.எஸ்சி. தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று இந்த விடுமுறையில் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். கோஷி தேற்றம் வரை வந்திருக்கிறேன்.